மேலே விலை, கீழே அளவு

அவளிடம் ஒரு வேலையைச் சொன்னால் செய்ய மாட்டாள் என்று யாரும் குறை சொல்ல முடியாது. செய்வாள். ஆனால் அதற்கு முன் ஏன் என்று கேட்பாள். நாம் சொல்லும் பதில் அவளுக்குச் சரியென்று பட வேண்டும். படாவிட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவாள், பின்னால் வருகிற நாமும் நிற்க வேண்டியதுதான்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பூக்கார அம்மா உட்கார்ந்திருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் காஞ்சிபுரத்திலிருந்து திரும்பும்போது அவரிடம் ரெண்டு முழம் மல்லி கேட்டோம். அந்த அம்மா முழங்கையில் வைத்து அளந்தார். இவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உன் கை சின்னதா கீதேம்மா, இத்த எப்டி முழம்னு சொல்ற?" என்றாள்.

"முழம்னா முழந்தான். வாங்கறதுன்னா வாங்கு."

"அந்தாண்ட கடைக்காரம்மா கை நீளமா கீது. அங்க முழம் பெருசு, இங்க சின்னது. ரெண்டுக்கும் ஒரே ரேட்டு சொல்றீங்க. எப்டி?"

பூக்கார அம்மா பூவைக் கூடையில் திருப்பிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கூட வந்த பாவத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதோடு விடவில்லை. என்னுடைய கை நீளம். அந்தக் கையைப் பிடித்து நீட்டி, "இதுல அளந்து குடு, இவதான் வச்சிக்கப் போறா" என்றாள். அன்றைக்குப் பூவும் இல்லை, நாங்கள் ஏறவேண்டிய டவுன் பஸ்ஸும் இல்லை. அடுத்த பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. எனக்கு அந்த பஸ்ஸில் ஒரு ஸ்டாப்பிங்தான், அவளுக்கு அதற்கும் இரண்டு ஸ்டாப்பிங் தள்ளி ஊர். நான் நடந்தே போயிருக்கலாம். அவளைத் தனியே விட்டுப் போக மனம் வராமல் நின்றேன், அவள் அந்த முக்கால் மணி நேரமும் முழத்தைப் பற்றியே பேசினாள்.

இப்படிப்பட்டவளோடுதான் நான் பி.ஏ. பொருளியல் முதல் செமஸ்டர் படித்தேன்.

காலையில் ஊரிலிருந்து காஞ்சிபுரத்துக் கல்லூரிக்கு நேராக ஒரே பஸ், சாயந்திரம்தான் உத்திரமேரூரில் மாற வேண்டும். எனக்கு இரண்டு ஸ்டாப்பிங் முன்னால் அவள் ஏறி ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருப்பாள், எனக்குப் பக்கத்து சீட்டில் பையை வைத்திருப்பாள். சரி, முதலில் ஏறியவளுக்கு ஜன்னல். திரும்பும்போது இருவரும் ஒன்றாகத்தானே ஏறுகிறோம், ஒரு நாள் எனக்குக் கொடேன் என்றால், "காலைல நீ இந்தாண்டதான உக்காந்த? சாயந்திரம் மாத்தறதுக்கு ஒரு காரணம் சொல்லு" என்பாள். எனக்கும் காற்று வேண்டும் என்பது அவளுக்குக் காரணமாகத் தெரியவில்லை. "காத்து உனுக்கும்தான் வருது."

போகவர இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில்தான் எங்கள் படிப்பு. நான் கைடைத் திறந்து வரிவரியாக வாசிப்பேன், மனப்பாடம் செய்வேன். நான் அப்படித்தான் பத்தாவது, பன்னிரண்டாவது எல்லாம் தாண்டினேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவள் கைடைப் பிடுங்கி ஒரு வரியில் விரலை வைத்து, "இது எப்டி?" என்பாள்.

குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று ஒன்று உண்டு. பெயர்தான் பெரியது, விஷயம் சின்னது. பசியோடு இருப்பவன் தின்னும் முதல் பழத்தில் கிடைக்கும் திருப்தி இரண்டாவதில் கிடைக்காது, மூன்றாவதில் இன்னும் குறையும். இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். அவள் என்னை டீக்கடைக்கு அழைத்துப்போய் மசால் வடை வாங்கித் தின்ன ஆரம்பித்தாள். ஒவ்வொரு வடைக்கும் பத்துக்கு எவ்வளவு திருப்தி என்று நோட்டில் எழுதச் சொன்னாள். முதல் வடை எட்டு. இரண்டாவது ஆறு. மூன்றாவது நாலு. நான் நிம்மதியாக நோட்டை மூடப்போனேன். அப்போது பார்த்து கடைக்காரர் புது ஈடு எடுத்துப் போட்டார். நாலாவது வடையைப் பிட்டு வாயில் போட்டவள், "ஒம்போது" என்றாள்.

"அது சூடா இருக்குடி. மத்ததெல்லாம் மாறாம இருந்தாதான் விதி. கைடுலயே போட்டிருக்கு பாரு."

"எந்தக் கடைலடி எல்லாம் மாறாம கீது?"

அன்றைக்கு ஆறு வடை தின்றாள். மறுநாள் இன்டர்னல் தேர்வுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கேள்விதான் வந்தது. விதியைச் சரியாக எழுதிவிட்டு, கடைசியில் 'ஆனால் சூடான வடைக்கு இது பொருந்தாது' என்று எழுதி வைத்தாள். எங்கள் மேடம் அந்தத் தாளை வகுப்பில் வாசித்துச் சிரித்தார். மார்க்கில் கை வைக்கவில்லை. நல்ல மனுஷி.

ஆனால் தேவைக்கோட்டில் அந்த நல்ல மனுஷியும் பொறுமை இழந்துவிட்டார். பொருளியல் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பொருளின் விலை ஏறினால் வாங்கும் அளவு குறையும், விலை இறங்கினால் அளவு கூடும். இதைப் படமாக வரைவது தேவைக்கோடு. நேராக நிற்கும் ஒய் அச்சில் விலையைப் போட வேண்டும், படுத்திருக்கும் எக்ஸ் அச்சில் அளவைப் போட வேண்டும். உலகம் முழுக்க அப்படித்தான் போடுகிறார்கள். இவள் எழுந்து நின்றாள்.

"மேடம், பத்தாவதுல கிராஃப் போட்டோம். நாம மாத்தறது கீழ, அதனால மாறுறது மேலன்னு சொல்லிக் குடுத்தாங்க. இங்க விலை மாறினாதான அளவு மாறுது? அப்ப விலைதான கீழ வரணும்?"

மேடம் சாக்பீஸை மேஜையில் வைத்தார். "நல்ல கேள்விதான்மா. ஆரம்பத்துல இத வரைஞ்சவங்க அப்படிப் போட்டாங்க, அதுக்கு அவங்களுக்கு ஒரு காரணம் இருந்துது. அப்புறம் எல்லாரும் அப்படியே போட்டுட்டு வர்றோம். நீயும் அப்படியே போடு."

"இன்னா காரணம் மேடம்?"

"முதல்ல பாஸ் பண்ணு. எம்.ஏ. வந்து கேளு, சொல்றேன்."

அவள் உட்கார்ந்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி, "யாரோ ஒருத்தர் போட்டாராம், எல்லாரும் போட்டுக்கினு கீறாங்களாம்" என்றாள். அடுத்த இன்டர்னலில் விலையைக் கீழே போட்டு வரைந்து, அடியில் இரண்டு வரியில் காரணமும் எழுதிக் கொடுத்தாள். மேடம் படத்துக்கு முட்டை போட்டார். தாளைக் கொடுக்கும்போது சிரிக்கவில்லை. "நான் ஒங்க மேடம், எனக்கு நீ எழுதினது புரியும். செமஸ்டர் பேப்பர எவரோ திருத்துவாங்க. அவங்களுக்கு நேரம் இருக்காது" என்றார்.

பத்தாம் வகுப்பு கிராஃப் என்பது எங்கள் பள்ளியில் நிச்சய மார்க். ஒன்றும் தெரியாத பிள்ளையும் அதைப் போட்டுத் தேறிவிடும் என்று நூறு முறை போட வைப்பார்கள். நானும் நூறு முறை போட்டேன். எனக்கு இந்தக் கேள்வி ஏன் தோன்றவில்லை என்று அன்றைக்கு ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசித்துவிட்டு, தோன்றாததே நல்லது என்று கைடைத் திறந்தேன்.

எனக்கென்ன, அவள் மார்க் அவளோடு என்று இருந்திருப்பேன். இருக்க முடியாதபடி அவள் அப்பா செய்துவிட்டார். அவர் நெல் அறுக்கும் வண்டி ஓட்டுகிறவர். அறுவடைக் காலத்தில் வந்தவாசி, செய்யாறு என்று வாரக்கணக்கில் போய்விடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது வாசலில் வண்டி பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீதான் அது கூடப் படிக்கிற பொண்ணா?"

"ஆமாம்பா."

"பெரிய பொண்ணு கம்பெனிக்குப் போவுது. இதுக்கும் அங்கியே சொல்லி வச்சிக்கீறேன். படிக்கணும்னு அழுதுது, சரின்னு வுட்டேன். ஒரு அரியர் வச்சாலும் அடுத்த நாள் கம்பெனி பஸ்தான். அதாண்டயும் சொல்லிட்டேன். நீ கொஞ்சம் பாத்துக்கம்மா. அது எதுனா கேட்டுக்கினே குந்திக்கினு இருக்கும்."

உள்ளே அவள் அக்கா ஷிப்ட் முடிந்து வந்து, சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே போன்களுக்குத் திருகாணி போடுகிற வேலை. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. அவளும் ஒரு காலத்தில் நன்றாகப் படித்தவள்தானாம். என்னைப் பார்த்து, "இவள எப்டியாவது பாஸ் பண்ண வையி" என்றாள். நான் தலையாட்டினேன். தலையாட்டியதன் பலன் என்ன என்று அப்போது தெரியவில்லை.

அன்றிலிருந்து அவள் அரியர் என் அரியர் ஆகிவிட்டது. படிப்பு விடுமுறையில் உத்திரமேரூர் கல்வெட்டுக் கோயிலில் போய்ப் படித்தோம். எங்கள் வகுப்புப் பெண்கள் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். அந்தச் சுவர்களில் குடவோலை முறை வெட்டியிருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கம் என்பதால் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் முறையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தோம். கேள்விகளைச் சீட்டில் எழுதிச் சுருட்டி என் டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்குவோம். யாருக்கு எந்தச் சீட்டு வருகிறதோ அவர் அதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவர் போய்த் தண்ணீர் பிடித்து வர வேண்டும்.

அவள் சொல்ல ஆரம்பித்தால் நாங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்போம். அதுதான் என் ஆத்திரமே. அவ்வளவு தெளிவாகச் சொல்லுவாள். நுகர்வோர் உபரியை நான் இன்றைக்கும் மறக்காமல் இருப்பது அவள் சொன்ன விதத்தால்தான். 'கடைசி பஸ்ஸ வுட்டுட்டா ஆட்டோவுக்கு எவ்ளோ குடுப்ப? குடுக்கத் தயாரா இருந்த இல்ல? ஆனா பஸ் வந்துடுச்சி. அந்த மிச்சம் கீது பாரு, அதுதான்.' ஆனால் தேவை விதி என்ற சீட்டு அவளுக்கு வந்தால் பிரித்துப் பார்த்துவிட்டுச் சுருட்டி டிபன் பாக்ஸிலேயே போட்டுவிடுவாள்.

"இது செல்லாது."

"யாருடி செல்லாதுன்னு சொன்னது?"

"கேள்வி செல்லும். படம் செல்லாது."

எழுந்து போய்த் தண்ணீர் பிடித்து வருவாள். ஒரே நாளில் மூன்று முறை அந்தச் சீட்டு அவளுக்கே வந்தது. மூன்று முறை தண்ணீர் பிடித்தாள். அவள் வெளியே போன நேரத்தில் நான்தான் அந்தச் சீட்டை மேலே வைத்தேன் என்பதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

தேர்வு நாள் காலை. பஸ்ஸில் ஏறியதும் நோட்டை அவள் மடியில் வைத்தேன். "பத்து தடவ போடு. மேல விலை, கீழ அளவு. வேற ஒண்ணும் கேக்கல உன்ன."

"தப்புன்னு தெரிஞ்சே எப்டிடி போடறது?"

"தப்பா இருந்தா உனக்கென்ன? உங்க அக்கா கால பாத்தல்ல?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் ஐந்து மாதமாக என்னிடம் இருந்த நல்ல வார்த்தைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நோட்டில் ஒரு கோடுகூடப் போடவில்லை. சாலவாக்கம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் ஒன்று எங்களை ஓவர்டேக் செய்துகொண்டு போனது. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

வினாத்தாளில் முதல் பெரிய கேள்வியே 'தேவை விதியை வரைபடத்துடன் விளக்குக' என்பதுதான். அவள் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால். ஸ்கேலை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்னலும் முதுகும்தான் எனக்குத் தெரிகிறது. போடுடி, போட்டுத் தொலைடி என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே என் தாளில் எழுதினேன். ஒரு கண் தாளில், ஒரு கண் அவள் முதுகில். வெகுநேரம் கழித்து அவள் குனிந்து இரண்டு கோடு போட்டாள். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. கடைசிப் பத்து நிமிஷம் எழுதியதைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் நானே பாடம் எடுத்திருந்தேன். அந்தப் பத்து நிமிஷமும் நான் அவளைத்தான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டேன். "எப்டி போட்ட?"

"நீ சொன்ன மாதிரிதான்."

"எல்லாத்துலயும்?"

"எல்லாத்துலயும்."

எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்தால் எதையோ தொலைத்துவிட்டவள் போல இருந்தாள். ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு என்னிடமே கொடுத்தாள்.

ரிசல்ட் வந்தது. அவள் எல்லாவற்றிலும் பாஸ். தேவைக்கோடு வரும் தாளான நுண்ணியல் பொருளியலில் வகுப்பிலேயே இரண்டாவது. எனக்கு அதே தாளில் அரியர். நாலு மார்க்கில் போயிருந்தது.

நான் நம்பவில்லை. கைடை வரிமாறாமல் எழுதியவள் நான். விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டினேன். நகல் வந்த அன்று அவளும் என்னோடு கல்லூரி ஆபீஸுக்கு வந்தாள். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து இருவரும் பிரித்துப் பார்த்தோம்.

தேவை விதி. நுகர்வோர் உபரி. சமநிலை விலை. மூன்று படங்கள். மூன்றிலும் விலை கீழே, அளவு மேலே. ஸ்கேல் வைத்து, அழகாக, பென்சிலில். மூன்றின் மேலும் குறுக்குக் கோடு. முதல் படத்தின் பக்கத்தில் 'அச்சுகள் தவறு' என்று திருத்தியவர் எழுதியிருந்தார். அடுத்த இரண்டுக்கும் அதுகூட எழுதவில்லை.

எப்போது போட்டேன், எப்படிப் போட்டேன் என்று எனக்கு நினைவே இல்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே போட்டிருக்கிறேன். மனப்பாடம் செய்தது எல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ, கை மட்டும் அவள் ஐந்து மாதமாக பஸ்ஸில் சொன்னதை வரைந்திருக்கிறது. நாம மாத்தறது கீழ, அதனால மாறுறது மேல.

அவள் தாளை வாங்கி முதல் படத்தை வெகுநேரம் பார்த்தாள். ஒரு மன்னிப்பு வரும் என்று காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு உரிமை உண்டு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவள் அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். அரியர் வைத்தவள் நான், தோளில் தட்டிச் சமாதானம் சொன்னதும் நானே.

"உடுடி. ஏப்ரல்ல எழுதிக்கறேன்."

"அதுக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"நானு மாத்திப் போட்டேன்டி. தெரிஞ்சிக்கினே போட்டேன். நீ சரியாப் போட்டுக்கீற."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரியாகப் போட்டு என்ன, நாலு மார்க் போயிற்றே என்று கத்தலாம் போலிருந்தது. அவள் துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நீ ஏன் அப்டி போட்ட?"

மற்ற நாளாக இருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "தெர்ல. அப்டித்தான் வரும்னு பட்டுது."

அவள் தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குத் தெரிந்து நான் சொன்ன ஒரு பதிலை மேற்கொண்டு கேள்வி கேட்காமல் அவள் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

ஏப்ரலில் திரும்ப எழுதி பாஸ் செய்தேன். ஹாலுக்குள் போகுமுன் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேல விலை, கீழ அளவு" என்று மூன்று முறை சொல்ல வைத்தாள். இப்போது அவள் பக்கத்து மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பொருளியல் எடுக்கிறாள் என்று கேள்வி. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. எம்.ஏ.வில் அந்தக் காரணத்தைக் கேட்டாளா, யாராவது சொன்னார்களா, எனக்குத் தெரியாது. போன் நம்பர் இருக்கிறது. போன் செய்தால் ஒரு பொழுது போய்விடும் என்று செய்யாமலே இருக்கிறேன். ஆனால் ஆபீஸ் மீட்டிங்கில் திரையில் ஏதாவது வரைபடம் வந்தால் எல்லோரும் கோட்டைப் பார்க்கும்போது நான் முதலில் கீழே என்ன போட்டிருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

அன்றைக்கு விடைத்தாள் நகலை மடித்துப் பையில் வைத்தோம். உத்திரமேரூர் பஸ் வந்தது. முன்னால் ஏறியவள் அவள்தான். எங்கள் சீட் காலியாக இருந்தது. அவள் உள்ளே போகாமல் நடுவழியில் நின்றாள். பின்னால் ஏறுகிறவர்கள் சத்தம் போட்டார்கள்.

"இன்னாடி நிக்கற, போ உள்ள" என்றேன்.

"நீ போ. ஜன்னலாண்ட குந்து."

"ஏன்?"

அவள் என் பையை வாங்கிக்கொண்டு வழிவிட்டு நின்றாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. போய் உட்கார்ந்தேன். ஊர் வரும்வரை முகத்தில் நல்ல காற்று அடித்தது.